இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி வாங்குவது: 4,600 பவுண்டு கொடுத்து நான் கற்ற வழிமுறை

ராம்ப்பில் ஏற்றிய என் காருக்கு அடியில் நின்ற மெக்கானிக், ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். டங்கென்று வர வேண்டிய சத்தம் பொத்தென்று வந்தது. இன்னொரு தட்டு, மறுபடி பொத். மூன்றாவது முறை அவர் தட்டவில்லை, முனையை வைத்து லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது, அத்தனையும் துரு. பதினோரு மாதத்துக்கு முன் "முழுமையாக ரெஸ்டோர் செய்யப்பட்டது" என்று விளம்பரம் செய்து ஒரு வியாபாரி எனக்கு 14,500 பவுண்டுக்கு விற்ற 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார், அது. சிவப்புப் பெயின்ட் அன்றும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. இரண்டு பக்கமும் அறுத்து, புதுத் தகடு வைத்து, திரும்பப் பெயின்ட் அடித்து வெளியே வர ஏழு மாதமும் 4,600 பவுண்டும் ஆயின.

அந்தக் காரை இன்னும் வைத்திருக்கிறேன், விற்கிற உத்தேசமும் இல்லை. போன வருடம் நண்பர் ஒருவர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தபோது, நான் செய்யாமல் விட்டதையெல்லாம் அவருக்குச் செய்தோம். ஒன்பது காரைப் பார்த்துவிட்டுப் பத்தாவதை வாங்கினார். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். எம்ஜிபியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பிரிட்டிஷ் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எளிதாகக் கிடைப்பதும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைப்பதும் அதுதான். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6, எம்ஜி மிட்ஜெட் என்று எதை வாங்கினாலும் காகித வேலை ஒன்றுதான், துரு பிடிக்கிற இடம்தான் மாறும்.

1. காரைத் தேடுமுன் லைசென்ஸும் இன்சூரன்ஸும்

புதிதாக வந்தவர்கள் பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். இந்திய, இலங்கை லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அப்புறம் இங்கத்திய டெஸ்ட் பாஸ் பண்ணியாக வேண்டும். அந்த 12 மாதத்துக்குள்ளேயே வாங்கிவிடலாம் என்றால், பழைய கார்களுக்கென்றே இருக்கிற இன்சூரன்ஸ் கம்பெனிகளில் பல, முழு பிரிட்டிஷ் லைசென்ஸ் இல்லாமல் பேசவே மாட்டார்கள். வயது 25க்கு மேல் இருக்க வேண்டும், தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும், ராத்திரி பூட்டிய கராஜில் நிற்க வேண்டும் என்றும் கேட்பார்கள். இதெல்லாம் ஒத்துவந்தால் தொகை ஆச்சரியமாகக் குறைவு. வருடத்துக்கு 3,000 மைல் வரம்போடு நான் கட்டுவது 180 பவுண்டு, என் தினசரி காருக்குக் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

கேட்டு வாங்க வேண்டியது "அக்ரீட் வேல்யூ" பாலிசி, அதாவது கார் போனால் இவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்வது. சாதாரண பாலிசியில் சந்தை விலையை அவர்கள் நிர்ணயிப்பார்கள், ஐம்பது வருடக் காருக்கு அந்தப் பேச்சுவார்த்தை எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. புகைப்படமும், சில கம்பெனிகளுக்கு கிளப் கொடுக்கிற மதிப்பீட்டுக் கடிதமும் வேண்டும். எம்ஜி கார் கிளப், எம்ஜி ஓனர்ஸ் கிளப் என்று இரண்டு பெரிய கிளப்புகள் உண்டு, காரே இல்லாமலும் உறுப்பினர் ஆகலாம். ஒன்றில் இப்போதே சேர்ந்துவிடுங்கள், ஏன் என்று அடுத்தடுத்துப் புரியும்.

2. எந்த வருடத்து வண்டி

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்தது, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அதே 1798 சிசி இன்ஜின். ஆனாலும் முதல் முறை வாங்குகிறவருக்கு எல்லா வருடமும் ஒன்றல்ல. 1964 அக்டோபருக்கு முந்தியவற்றில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்று பேரிங், அதற்குப் பிறகு ஐந்து. 1967 கடைசி வரை முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதலுக்குப் போட்டால் கரகரக்கும். 1974 கடைசியிலிருந்து அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்கள், வளைவில் அதிகம் சாயும். இதனாலேயே குரோம் பம்பருக்கு விலை கூடுதல்.

என் அபிப்பிராயம்: 1968 முதல் 1974 வரையிலான குரோம் பம்பர், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) உள்ளது. ஓவர்டிரைவ் இல்லாத வண்டியில் மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். காசு குறைவு, ஓட்டத்தான் வேண்டும், பார்க்கிறவர்கள் என்ன சொன்னால் என்ன என்றால் நல்ல ரப்பர் பம்பர் வண்டி ஒன்றை வாங்குங்கள், தப்பே இல்லை. துருவை மறைக்கப் பட்டியடித்த குரோம் வண்டியைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு குடும்ப விஷயம். ரோட்ஸ்டரில் இரண்டு பேர்தான் போகலாம். வாங்கிவிட்டு வந்த அன்று "அப்ப பிள்ளை எங்க உட்காரும்?" என்று வீட்டில் என்னைக் கேட்டார்கள், பதில் இல்லை. கூரையுள்ள ஜிடி மாடலில் பின்னால் ஒரு பலகை மாதிரி சீட் உண்டு, சின்னப் பிள்ளை உட்காரலாம். விலையும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு.

3. எங்கே, எந்த மாதத்தில்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெயில் எட்டிப் பார்த்ததும், திறந்த கார் வேண்டும் என்று ஊரே கிளம்பிவிடும், விலையும் ஏறும். குளிர்காலத்தில் பார்ப்பதில் இன்னொரு லாபம், குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று தெரிந்துவிடும். மழையில் மட்டும் பார்க்காதீர்கள், ஈரத்தில் எந்தப் பெயின்டும் அழகுதான்.

வியாபாரியிடம், தனியாரிடம், ஏலத்தில் என்று மூன்று வழி. வியாபாரியிடம் விலை கூடுதல், ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் வரை வெளிப்படும் கோளாறு, வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், பழுது பார்க்க அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் முன்பே இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நான் கண்டுபிடித்தது பதினோராம் மாதம். வியாபாரி சிரித்துக்கொண்டே "ஐம்பது வருடக் கார் சார்" என்றார், வக்கீலுக்குக் கட்டுகிற காசில் வெல்டிங்கே செய்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஆகவே வியாபாரியிடம் வாங்கினால் முதல் மூன்று வாரத்துக்குள், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் ராம்ப்பில் ஏற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விளம்பரத்தில் பொய் எழுதியிருந்தால் ஒழிய, கண்ணால் பார்த்து வாங்கியது உங்கள் பாடு. அதனால் விளம்பரப் பக்கத்தை அன்றே சேமித்து வையுங்கள், கார் விற்றதும் அது மறைந்துவிடும்.

ஏலத்தில் கூவுகிற தொகை கடைசித் தொகை அல்ல. வாங்குபவர் கமிஷன் என்று ஒன்று உண்டு, கமிஷன்மேல் 20 சதவீதம் வாட் வரி வேறு. கணக்கு இப்படி: சுத்தியல் 14,000 பவுண்டில் விழுகிறது, கமிஷன் 12.5 சதவீதம் என்றால் 1,750, அதன்மேல் வாட் 350, நீங்கள் கட்டுவது 16,100. கூடவே, பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். முதல் காருக்கு ஏலம் வேண்டாம்.

4. போவதற்கு முன் ஃபோனில்

"ரெஸ்டோர் செய்தது" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு அர்த்தமும் இல்லை. வண்டியை உலோகம் தெரியும்வரை சுரண்டி ஒவ்வொரு தகடாக மாற்றியவரும் அதைத்தான் சொல்கிறார், மேலே பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்தவரும் அதைத்தான் சொல்கிறார். எனவே ஃபோனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா?" பெயின்ட் இல்லாத வெறும் தகடு, அறுத்த இடம், புதுத் தகடு வைத்த இடம், இவை தெரிகிற படங்கள். நல்ல வேலை செய்தவர் எவரும் படம் எடுக்காமல் விட்டதை நான் பார்க்கவில்லை, பெருமைக்காகவாவது எடுத்திருப்பார். என் வியாபாரி "முந்தின ஓனரிடம் இருக்கும், வாங்கித் தருகிறேன்" என்றார். இன்னும் வாங்கித் தந்துகொண்டே இருக்கிறார்.

அடுத்தது பில். யார் வெல்டிங் செய்தார், எந்த வருடம், எவ்வளவு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரெஸ்டோர் செய்து அப்புறம் 600 மைல்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால் பெருமூச்சு விடுங்கள், ஓடாமல் நின்ற காரில் ரப்பர், பிரேக் சிலிண்டர், பெட்ரோல் குழாய் எல்லாம் செத்திருக்கும். சில கார்களுக்குப் பழைய உடம்பே போய், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டு செய்கிற புது உடம்பை வைத்திருப்பார்கள். இது குறையே அல்ல, விலை கூடும், ஆனால் அந்த உடம்பு வாங்கிய பில்லைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.

பிறகு நம்பர் பிளேட் எண்ணைக் கேட்டு வாங்கி அரசு இணையதளத்தில் எம்ஓடி வரலாற்றைப் பாருங்கள், இலவசம். எம்ஓடி என்பது வருடா வருடம் நடக்கிற தகுதிச் சோதனை, நம் ஊர் எஃப்.சி. மாதிரி. எத்தனை மைல், எதில் ஃபெயில், எங்கே துரு என்று வருடவாரியாக இருக்கும். "சில் பகுதியில் துரு" (சில் என்பது கதவுக்கு அடியில் உள்ள பகுதி) என்று ஒரு வருடம் எழுதியிருந்து, அடுத்த வருடம் அது காணாமல் போயிருந்தால், அந்த இடைவெளிக்கு பில் எங்கே என்று கேளுங்கள். நாற்பது வருடத்தைத் தாண்டிய கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை, அதனால் பல கார்களின் வரலாறு அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பிறகும் விரும்பிப் போய் எடுத்திருந்தால், அந்த ஓனரோடு பேசலாம்.

5. நேரில்: சில், சில், சில்

எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. கூரை இல்லாத ரோட்ஸ்டர் நடுவில் ஒடியாமல் தாங்குவது பெரும்பாலும் கதவுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டிகள். இவற்றைத்தான் இங்கே "சில்" என்கிறார்கள். வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக ஒன்று, உள்தகடு, அடியில் "கேஸில் ரெயில்" என்று மடித்த தகடு, எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சில். வெளித்தகடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு முடிவதில்லை, முன் விங்குக்கு (சக்கரத்தை மூடுகிற மட்கார்டுத் தகடு) பின்னாலும் பின் விங்குக்கு உள்ளேயும் போகிறது. ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன் விங்கைக் கழற்ற வேண்டும், பின் விங்கின் அடியை அறுக்க வேண்டும். வேலை நீளம், கூலி அதிகம். குறுக்குவழி என்ன? பழைய துருவின் மேலேயே, கண்ணுக்குத் தெரிகிற நீளத்துக்கு மட்டும் புதுத் தகட்டை ஒட்டி வெல்டு செய்து, பட்டி தேய்த்து, பெயின்ட் அடித்து, அடியில் கறுப்புத் தார் பூசிவிடுவது. என் காரில் நடந்தது இதுதான், இடது பக்கம் இரண்டு அடுக்கு, வலது பக்கம் மூன்று.

கண்டுபிடிக்கும் விதம். முதலில் தள்ளி நின்று கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஓனரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரம் எழும்பும்வரை தூக்குங்கள். மறுபடி கதவைத் திறந்து மூடுங்கள். கதவுக்கும் பின் விங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறினாலோ, கதவு உரசினாலோ, கார் நடுவில் வளைகிறது என்று அர்த்தம், அப்படியே கீழே இறக்கி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஜாக்கி வைக்க விடமாட்டேன் என்றாலும் கிளம்புங்கள். நண்பருக்காகப் பார்த்த ஒன்பதில் நான்கு இந்த ஒரு சோதனையிலேயே போயின. அதில் ஒன்றின் விலை 18,000 பவுண்டு.

அடுத்து காந்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னக் காந்தம் போதும், மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் பெயின்டில் கோடு விழக்கூடாது. சில்லில், முன் விங்கின் அடியில், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில், கதவின் அடியில் வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் ஒட்டாது. (1970 வாக்கு வரை பானெட் அலுமினியத்தில் வந்தது, அதில் ஒட்டவில்லை என்று பதற வேண்டாம்.) காந்தம் சொல்லாததை விரல் முட்டி சொல்லும், தட்டிப் பாருங்கள், டங் எது பொத் எது என்று இரண்டு காரிலேயே காது பழகிவிடும்.

கீழே படுக்க ஒரு பாய், நல்ல டார்ச். அடித்தகடு முழுவதும் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். நல்ல வேலை செய்தவர் காரின் நிறத்திலேயே அடியையும் பெயின்ட் பண்ணி, மேலே ஒளி ஊடுருவும் மெழுகை அடித்திருப்பார். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் பேட்டரிப் பெட்டிகள். 1974 வரை இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி வைத்தார்கள், இன்று பலர் ஒற்றைப் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள், பரவாயில்லை, பெட்டி ஓட்டையா என்பதுதான் கேள்வி. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்களையும் பாருங்கள். கதவின் மேல்விளிம்பில், சின்ன முக்கோணக் கண்ணாடியின் கம்பி உட்காரும் இடத்தில் தகடு கீறியிருக்கும், இது எம்ஜிபியின் குடும்ப வியாதி. விலை பேச உதவும், காரை ஒதுக்கக் காரணமல்ல.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஓனரோடு பேச வேண்டும், மற்றவர் தனியாகக் காரைப் பார்க்க வேண்டும். தனியாகப் போனால் ஓனர் கதை சொல்வார், கதை நன்றாக இருக்கும், நீங்கள் கீழே குனியவே மாட்டீர்கள்.

6. இன்ஜின், கியர், சக்கரம்

இது சின்னப் பகுதி, ஏனென்றால் இன்ஜின் கோளாறைச் சரிசெய்வது துருவைச் சரிசெய்வதைவிட எப்போதும் மலிவு. போகுமுன் "இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50க்கு மேல், ஐடிலில் 10 முதல் 25 வரை இருக்க வேண்டும். மூன்றாம் கியரில் வேகமேற்றி, ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தை இறக்கி, மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது.

ஓவர்டிரைவை ஓடும்போதே போட்டுப் பாருங்கள், 1977க்கு முந்தியவற்றில் மூன்றிலும் நான்கிலும் வேலை செய்யும், பிந்தியவற்றில் நான்கில் மட்டும். ஸ்போக் வீல் உள்ள காரில் ஒரு சக்கரத்தைத் தூக்கி, உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்தியிருக்க, சக்கரத்தை முன்னும் பின்னும் திருகுங்கள். "டொக்" என்று ஆடினால் உள்ளிருக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன, வீலும் ஹப்பும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வ் சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், போட்டிருந்தால் பில் இருக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு மூடி மருந்து ஊற்ற வேண்டும், உலகம் அழிந்துவிடாது.

ஓட்டிப் பார்க்குமுன் உங்கள் இன்சூரன்ஸ் அந்தக் காரை உள்ளடக்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் உள்ளடக்காது. முதலில் ஓனரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தனியார் இடம் பெரியதாக இருந்தால் அங்கே நீங்கள் ஓட்டலாம். நம்பிக்கை இல்லையென்றால் சிறப்பு மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள், ஆய்வுக்கு 250 முதல் 400 பவுண்டு வரை கேட்பார்கள், அவர் பெயரைக் கிளப்பில் கேட்டால் சொல்வார்கள். நான் இந்தக் காசை மிச்சம் பிடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

7. காகிதங்கள்

வி5சி என்கிற லாக் புக், நம் ஆர்.சி. புக் மாதிரி, ஆனால் ஒரு வித்தியாசம்: அது காரின் உரிமையாளரைக் காட்டுவதில்லை, பதிவான பொறுப்பாளரைக் காட்டுகிறது. அதிலேயே அப்படி அச்சடித்திருக்கும். அதில் உள்ள விலாசத்தில்தான் காரைப் பாருங்கள், பெட்ரோல் பங்க்கில் சந்திக்கலாம் என்றால் வேண்டாம். "லாக் புக் தபாலில் வந்துகொண்டிருக்கிறது" என்றால் வந்தபிறகு கூப்பிடச் சொல்லுங்கள்.

சேசிஸ் எண்ணை வி5சியோடும் பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஜிஎச்என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜிஎச்டி என்றால் ஜிடி. தொடர்ந்து வரும் எண் 3 ஆனால் முதல் தலைமுறை, 4 என்றால் 1967 கடைசிக்குப் பிந்தியது, 5 என்றால் 1969 கடைசிக்குப் பிந்தியது. அதன்பின் எல் என்றோ யு என்றோ எழுத்து வந்தால் இடதுபக்க ஸ்டியரிங்கோடு, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போன கார், ஸ்டியரிங் இப்போது வலதுபக்கம் இருந்தால், திரும்பி வந்தபின் மாற்றியிருக்கிறார்கள். கலிஃபோர்னியா வெயிலில் இருந்த கார் துருவில்லாமல் வரும், அதனால் கெட்டதல்ல, ஆனால் அதைச் சொல்லாமல் விற்கிறவர் வேறு என்ன சொல்லவில்லை என்று யோசியுங்கள். இன்னும் இங்கே பதிவாகாத இறக்குமதிக் கார் என்றால், வரித்துறைக்கு அறிவிக்கிற "நோவா" வேலை முடிந்ததா என்று கேளுங்கள், அது முடியாமல் பதிவு நடக்காது.

கார் தொழிற்சாலையை விட்டு எந்த நிறத்தில், எந்தத் தேதியில், எந்த நாட்டுக்குப் போனது என்பதை கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிடேஜ் சான்றிதழாகத் தரும். ஓனரிடம் அது இருந்தால் நல்லது, சேகரிப்பாளருக்கு விற்கும்போது விலை பேசும்.

திருட்டு, பாக்கிக் கடன், விபத்து இவற்றுக்கு 20 பவுண்டு அளவில் ஆன்லைன் சோதனை ஒன்று எடுங்கள். கடைசியாக, நம்பர் பிளேட். பழைய மூன்றெழுத்து எண்ணை ஓனர் தனக்கே வைத்துக்கொண்டு, காருக்கு வேறு எண் வாங்கிக் கொடுத்துவிடலாம், அதற்கு அவருக்கு 80 பவுண்டுதான் செலவு. பிறந்த எண் போன காருக்கு மதிப்புக் குறையும். "இதே எண்ணோடு விற்கிறேன்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

8. பணம் கொடுக்கும் நாள்

பார்க்காத காருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்" என்று எல்லோரிடமும்தான் சொல்வார்கள். பெரிய தொகையைப் புதியவர் கணக்குக்கு அனுப்பினால் வங்கி நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும், அதனால் முந்தின நாளே ஒரு பவுண்டு அனுப்பிப் பார்த்து, வங்கியின் தினசரி வரம்பையும் கேட்டுவிடுங்கள். நண்பர் இதைச் செய்யாமல் சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வீட்டுச் சமையலறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், டீ மட்டும் நான்கு.

ரசீது இரண்டு பிரதி: இருவர் பெயர், விலாசம், பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், தொகை, தேதி, நேரம். நேரம் எதற்கு என்றால், மத்தியானம் மூன்று மணிக்கு வாங்கினால், அதற்கு முன் விழுந்த ஸ்பீட் கேமரா அபராதம் அவருடையது. ரெஸ்டோரேஷன் கோப்பு, உதிரிச் சாவி, மடக்குக் கூரையின் கம்பிகள், டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்போக் வீல் சுத்தியல் எல்லாவற்றையும் அதே நாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

9. வீட்டுக்கு ஓட்டி வருதல்

வரி பழைய ஓனரோடு போய்விடும், காரோடு வராது. ஓனர், வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ இணையதளத்தில் விற்றதைப் பதிந்துவிட்டு, வி5சியில் உள்ள பச்சைத் துண்டைக் கிழித்து உங்களிடம் கொடுப்பார். அதில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து அங்கேயே ஃபோனில் வரியைப் போடலாம். நாற்பது வருடம் தாண்டிய காருக்கு வரித்தொகை பூஜ்யம், ஆனாலும் வருடா வருடம் "போட" வேண்டும். தொகை இல்லையே என்று விட்டுவிட்டு அபராதம் வாங்கியவர்கள் உண்டு.

இங்கே ஒரு பொறி. வி5சியில் வரி வகை "ஹிஸ்டாரிக்" என்று இருக்கிறதா பாருங்கள். எம்ஜிபி தயாரிப்பு 1980லேயே முடிந்துவிட்டதால் எல்லா எம்ஜிபிக்களும் தகுதியானவை, ஆனால் மாற்றம் தானாக நடக்காது, யாராவது போய்க் கேட்க வேண்டும். மாறாமல் இருந்தால் உங்கள் பெயரில் வி5சி வந்ததும் வாகன வரி வாங்குகிற தபால் நிலையத்துக்கு அதோடு போங்கள், எம்ஓடி இல்லையென்றால் வி112 என்ற விலக்குப் படிவமும் நிரப்ப வேண்டும். புகை அதிகம் விடுகிற வண்டிகளுக்கு லண்டனில் வாங்குகிற யுலெஸ் கட்டணம் இல்லாமல் நுழைய இந்த வகைதான் முக்கியம்.

எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் எடுத்துவிடுங்கள், அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். விலக்கு சோதனைக்குத்தான், காரை நல்ல நிலையில் வைப்பதற்கு அல்ல. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் மூன்று பாயின்ட்டும் உண்டு.

10. முதல் மூன்று மாதம்

சாதாரண பங்க்கில் கிடைக்கும் 95 பெட்ரோல் 2021 செப்டம்பரிலிருந்து இ10, அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாயைத் தின்னும். சூப்பர் என்று விற்கிற, எத்தனால் குறைந்த இ5 போடுங்கள், குழாய்களையும் எத்தனால் தாங்குகிற புதியவையாக மாற்றுங்கள், எல்லாம் சேர்த்து 30 பவுண்டுக்குள் முடிந்தது எனக்கு. முன் சக்கரத்தின் கிங் பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள், 3,000 மைலுக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை கிரீஸ் கன் வைத்து அடிக்க வேண்டும். நவீன கராஜில் சின்னப் பையன்களுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, நீங்களே செய்துவிடுங்கள்.

சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் காரை நிறுத்திவிடுங்கள். மார்ச்சில் இரண்டு நல்ல மழை உப்பைக் கழுவிய பிறகு எடுக்கலாம். நிறுத்துமுன் சில்லுக்குள் மெழுகு அடிக்க வேண்டும், உள்ளே குழாய் விடச் சின்னத் துளைகள் இருக்கும், ரப்பர் மூடியோடு. என் காரில் புதுச் சில் வைத்தவர் அந்தத் துளைகளைப் போடவே மறந்துவிட்டார், நானே டிரில் செய்தேன்.

முதல் வருடச் செலவுக்கு வாங்கிய விலைக்கு மேல் 1,500 பவுண்டு ஒதுக்குங்கள். நண்பருக்கு 1,120 ஆனது: டயர் நான்கு, பிரேக் குழாய்கள், பேட்டரி, ஒரு கார்புரேட்டர் சர்வீஸ். டயர் தடம் நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் செய்த வாரமும் வருடமும் தெரியும், அவருடையவை பதினான்கு வயது. மழை பெய்த மறுநாள் கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு உலரவிடுங்கள். புதுக் கூரையாக இருந்தாலும் எங்கிருந்தோ தண்ணீர் வரும், எங்கிருந்து என்று நான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.